படைக் கல்லூரித் தோழர் வருண்சிங்



இரங்கற் பாட்டுக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் கையறுநிலை. பாரிக்காகக் கபிலர் பாடினார். அதியமானுக்காக ஔவையார் பாடினார். இரண்டிலும் மறைந்தவர் தலைவர், பாடியவர் புலவர். உடன் பயின்ற தோழன் மறைந்தால் எப்படிப் பாடுவது என்பதற்குப் புறத்துறையில் தெளிவான வழி இல்லை. உடன் பயின்றவன் புகழ்ச்சிக்கு எளிதில் இணங்கமாட்டான். மறைந்தவன் எந்தப் பாடத்தில் தடுமாறினான், ஓட்டப் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பாட்டு அவன் முன்னிலையில் பொய்யாகிவிடக் கூடாது.

குரூப் கேப்டன் வருண்சிங்கின் நினைவு இந்த அவையில் பேசப்படுவதற்குக் காரணம் இதுதான். தோழர்கள் தயங்கித் தயங்கிச் சொல்லக்கூடிய செய்தியை அவரே தம் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய பூர்வீகம் உத்தரப் பிரதேசத்துத் தேவரியா மாவட்டம். தந்தை தரைப்படையில் கர்னல், உடன்பிறந்தவர் கடற்படையில், இவர் வான்படையில். ஒரு வீட்டில் முப்படையும் இருந்தது. சண்டிமந்திர் ராணுவப் பள்ளியில் படித்தபின், புனேயை அடுத்த கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் சேர்ந்தார். முப்படைக்குரிய இளைஞர்களும் மூன்றாண்டு ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிப் பயிலும் படைக் கல்லூரி அது. அங்கே நினைவுக் குடில் என்றொரு சிறு கட்டடம் உண்டு. 1950களில் பயிற்சி மாணவர்களின் உடலுழைப்பால் எழுந்தது. கடமையில் உயிர்நீத்த முன்னாள் மாணவர்களின் பெயர்கள் அதனுள் பொறிக்கப்படுகின்றன. நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருப்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் குடில் அயலாகத் தோன்றாது. கல்லெடுத்துக் கட்டியவர்களில் சிலரே பின்னாளில் கல்லில் பெயராகவும் ஆயினர் என்பதுதான் அதிலுள்ள துயரம்.

2020 அக்டோபர் 12. வருண்சிங் தேஜஸ் போர் விமானத்தைச் சோதனைக்காகத் தனியே ஓட்டிச் சென்றார். மிக உயரத்தில் விமானி அறையின் காற்றழுத்தம் தவறியது. அதை உணர்ந்து அவர் கீழிறங்கும்போது விமானத்தைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறி அமைப்பும் செயலிழந்தது. விமானம் தலைகீழாகப் பாய்ந்தும் நிமிர்ந்தும் உயரத்தை இழந்தது. ஒருமுறை அடக்கினார், ஏறத்தாழ 10,000 அடியில் மீண்டும் கைமீறியது. இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் தப்ப அவருக்கு முழு உரிமை இருந்தது. அவர் விமானத்தை மீட்டுத் தரையிறக்கினார். அதனால் பழுதின் காரணத்தை ஆராயவும் வழி கிடைத்தது. 2021 ஆகஸ்டில் சௌரிய சக்கர விருது அறிவிக்கப்பட்டது.

விருது பெற்றவர் அடுத்த மாதமே தம் பழைய பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் வீரப் பேச்சு இல்லை. பள்ளியில் தாம் நடுத்தர மாணவர் என்றும், அகாதெமியிலும் படிப்பிலோ விளையாட்டிலோ சிறந்து விளங்கவில்லை என்றும், விமானத்தின்மீது இருந்த ஆசை ஒன்றே பின்னாளில் கைகொடுத்தது என்றும் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் மனம் தளரக் கூடாது என்பதே அவர் கவலை. பதக்கம் வந்த கையோடு தன் குறைவை எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்! கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதுவோர் அந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர், குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் துணைவியார் உள்ளிட்ட பதின்மூவர் அன்றே மறைந்தனர். வெலிங்டன் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வருண்சிங், தளபதியை வரவேற்று அழைத்துவரச் சென்றவர். அவர் மட்டும் கடும் தீக்காயங்களோடு உயிருடன் இருந்தார். பெங்களூர் ராணுவ மருத்துவமனையில் ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15 அன்று பதினான்காமவராக மறைந்தார்.

அந்த ஒரு வாரம் எப்படிப்பட்டது என்று ஆலங்குளத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. சிவகாசி அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருந்தவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். முதல் நாள் பேசியவர் ஐந்தாம் நாள் பேசமாட்டார். தோல் போன உடலிலிருந்து நீர் வடியும், பின்பு நச்சுக் கிருமி ஏறும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் அப்படித்தான் காத்திருந்தனர். அவர்களுக்கு நினைவுக் குடில் கிடையாது. இரண்டு நெருப்பையும் ஒப்பிடுவது முறையா என்று சிலர் கேட்கலாம். வெந்த உடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இன்னொரு பெயரையும் இங்கே விட்டுவிட இயலாது. அந்த ஹெலிகாப்டரை ஓட்டியவர் விங் கமாண்டர் பிருத்விசிங் சௌகான். ரேவா சைனிக் பள்ளியின் மாணவர்; நம் அமராவதிநகர் சைனிக் பள்ளி தொடங்கிய அதே 1962இல் தொடங்கிய பள்ளி அது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்குத் திசையுணர்வு தவறியது, பழுதற்ற இயந்திரம் மலையில் மோதியது என்று 2022 ஜனவரியில் விசாரணைக் குழு கூறியது. மேகத்துக்குள் காது சொல்லும் மேல்கீழ் பொய்யாகும். தேர்ந்த விமானிக்கும் அது நேரும். 2024 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் இந்த விபத்துக்கு நேராக ‘மனிதப் பிழை’ என்று காரணம் இடம்பெற்றது. அறிக்கைக்கு அது போதும். அவருடைய பயிற்சித் தோழர்களுக்கு அது போதுமா?

வருண்சிங்கைப் பாட நினைக்கும் கவிஞர்கள் நஞ்சப்பசத்திரத்தையும் பார்க்க வேண்டும். எரிகிற ஹெலிகாப்டரைக் கண்டு அவ்வூர் மக்கள் வீட்டிலிருந்த போர்வைகளையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடினர். உள்ளே இருப்பவர் யார், தளபதியா சிப்பாயா என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. வெந்தவர்களை அந்தப் போர்வைகளில்தான் கிடத்தித் தூக்கி வந்தார்கள்.