நீல் சிலையும் நம் தீர்மானங்களும்

போன 1927 டிசம்பரில் இதே சென்னைப் பட்டணத்தில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. டாக்டர் அன்சாரி தலைமை வகித்தார். பூரண சுதந்திரமே நம் லட்சியம் என்று ஜவஹர்லால் நேரு கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிற்று. உங்களோடு சேர்ந்து நானும் கை வலிக்கத் தட்டினேன். பந்தலை விட்டு வெளியே வந்து டிராம் ஏறி மவுண்ட் ரோடு போனேன். அங்கே நீல் துரை வெண்கலமாக நின்றுகொண்டிருந்தார். நம் தீர்மானம் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. (சிரிப்பு)

யார் இந்த நீல்? 1857-இல் சிப்பாய்க் கலகத்தை அடக்க நம் சென்னையிலிருந்து பட்டாளத்தோடு கப்பலேறிப் போனவர். அலகாபாத்தில் கண்ட மரமெல்லாம் தூக்குமரமாயிற்று. கான்பூரில், தூக்கிலிடும் முன் கைதிகளைத் தரையில் கிடந்த இரத்தத்தைச் சுத்தம் செய்ய வைத்தார், மறுத்தவனுக்குச் சவுக்கடி. அவ்வருஷமே லக்னோவில் குண்டுபட்டுச் செத்தார். கலக வெள்ளத்தைத் தடுத்த வீரன் என்று அவரைப் பீடத்தில் ஏற்றி வைத்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாக அதற்குக் கீழே நாம் வெற்றிலை மென்றுகொண்டு போய்வருகிறோம்.

சென்ற ஆகஸ்டில் அதைச் சகிக்காத சிலர் சுத்தியலோடு வந்தார்கள். சின்னச் சுத்தியல்தான், அதைக் கொண்டு வெண்கலத்தை உடைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியாதா? தட்டினார்கள், ஓடவில்லை, ஜெயிலுக்குப் போனார்கள். பிறகு அணி அணியாக வந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து சோமயாஜுலு வந்தார். கடலூரிலிருந்து அஞ்சலையம்மாள் வந்தார். தனியாக அல்ல, பெற்ற மகள் அம்மாகண்ணுவையும் கூட்டிக்கொண்டு. பாவாடை கட்டிய குழந்தை! சர்க்கார் அதையும் பிடித்து அடைத்தது.

நான் கேட்கிறேன்: அப்போது நம் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் எங்கே இருந்தார்கள்? மயிலாப்பூர் வக்கீல்கள் எங்கே? சட்டசபைக் கனவான்கள் எங்கே? "சிலையை உடைத்தால் சுயராஜ்யம் வருமா?" என்று காப்பி குடித்துக்கொண்டே கேட்டவர்களை நான் அறிவேன். வராது ஐயா! ஆனால் அந்தச் சிலையை நிமிர்ந்து பார்க்கப் பயப்படுகிறவனுக்கு மட்டும் சுயராஜ்யம் எந்தக் கப்பலில் வந்து இறங்கும்? (கைதட்டல்)

நியாயம் சொல்ல வேண்டும், போன வருஷம் ஒரு நல்லதும் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சட்டசபையின் உபதலைவரானார். சந்தோஷம். ஆனால் கடலூர்ச் சிறுமி நீல் துரைக்குக் காட்டிய துணிச்சலை அந்தச் சபையின் நாற்காலிகளில் நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது நமக்கு என்ன ஆட்சி தரலாம் என்று ஆராய சைமன் கமிஷன் வருகிறது. ஏழு பேர், ஏழு பேரும் வெள்ளைக்காரர். நம் வீட்டைப் பாகம் பிரிக்க வருகிறவர்கள் நம்மில் ஒருவனைக்கூடத் திண்ணையில் உட்கார வைக்கவில்லை. பகிஷ்காரம் என்று நம் பந்தலிலேயே தீர்மானித்தோம். அதுவும் காகிதத்தோடு போகுமா?

பிப்ரவரி 3-ஆம் தேதி அவர்கள் பம்பாயில் இறங்குகிறார்கள். அன்று பாரிமுனையிலிருந்து மவுண்ட் ரோடு வரை ஒரு கடைக்கதவு திறக்கக் கூடாது. டிராமில் ஏறாதீர்கள். யார் மீதும் ஒரு கல் விழக் கூடாது. வியாபாரிகள் இங்கே இருக்கிறீர்கள். இப்போதே கையைத் தூக்கிச் சொல்லிவிட்டுப் போங்கள்.