வேதம் வசப்பட்டது, நிலம் வசப்படவில்லை: கென்யாவில் ஐரோப்பிய ஆட்சியின் நீளும் தடம்



ஒரு வரலாற்றுப் பேராசிரியரின் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தவர்கள் ஆப்பிரிக்கச் சமூகங்களில் ஐரோப்பிய ஆட்சியும் கிறித்தவமும் ஏற்படுத்திய நிலையான விளைவுகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். ஆப்பிரிக்கா 54 நாடுகள் கொண்ட கண்டம். அதை ஒரே மூச்சில் பேசினால் எந்த ஊருக்கும் பொருந்தாத பேச்சாகிவிடும். எனவே கென்யாவை, அதிலும் கென்யா மலையின் அடிவாரத்தில் வாழும் கிக்கூயு மக்களை எடுத்துக்கொள்கிறேன்.

‘வெள்ளைக்காரர்கள் கையில் வேதத்தைக் கொடுத்து, கண்ணை மூடிச் செபிக்கச் சொன்னார்கள். கண் திறந்தபோது நிலம் அவர்களிடம் இருந்தது’ என்று ஆப்பிரிக்காவில் பலர் சொல்லக் கேட்கலாம். அது பாதி உண்மை. கையில் வந்த வேதத்தை மக்கள் தமதாக்கிக்கொண்டார்கள். அதைக் கொண்டே நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நிலத்தைப் பறித்த சட்டமோ கொடி மாறிய பின்னும் ஆண்டது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

நிலம் அரசுக்குப் போன விதம்

கிக்கூயு மக்களிடம் நிலம் குலத்தின் சொத்து. முதலில் காடு திருத்திய முன்னோரின் வழிவந்தவர்கள் ‘ம்பாரி’ என்னும் உறவுக் கூட்டமாக அதை வைத்திருந்தார்கள். மூத்தவர் ஒருவர் பொறுப்பாளராக இருப்பார். வெளியிலிருந்து வந்தவரும் இசைவு பெற்று உழுது பிழைக்கலாம். எழுத்தில் இல்லையே தவிர, எல்லை எது, உரிமை யாருடையது என்பது ஊரறிந்த செய்தி.

1895இல் பிரிட்டன் அந்தப் பகுதியைத் தன் காப்பாட்சிக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து 30,000க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். பாதைக்கு நிலம் எடுக்கப் பயன்படுத்திய சட்டமும் இங்கிருந்து போனதே. 2013 வரை நம் ஊர்களில் நிலம் கையகப்படுத்த உதவிய அதே 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம்தான் அது.

பாதை போட்ட கடனை அடைக்க வேண்டும். அதற்குச் சரக்கு வேண்டும். சரக்குக்கு வெள்ளையர் பண்ணைகள் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். 1902இல் வந்த அரச நிலச் சட்டம் குடியேறிகளுக்கு 99 ஆண்டுக் குத்தகை தந்தது. 1915ஆம் ஆண்டுச் சட்டம் அதை 999 ஆண்டுகளாக உயர்த்தியது. பண்ணைக்கு ஆள் சேர்க்கக் குடிசை வரி விதித்தார்கள். வரிப்பணத்துக்காகவே கூலிக்குப் போகும் நிலை வந்தது. 16 வயதைக் கடந்த ஆப்பிரிக்க ஆண் ஒவ்வொருவரும் ‘கிபாண்டே’ என்னும் பதிவுச் சீட்டை வைத்திருக்க வேண்டும் என்றார்கள். கைரேகையும் வேலை விவரமும் கொண்ட அந்தச் சீட்டைத் தகரக் கூட்டில் அடைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். முதலாளி கையெழுத்துப் போட்டு விடுவிக்காமல் வேலையை விட்டுப் போனால் அது குற்றம்.

1920களின் தொடக்கத்தில் ஒரு நில வழக்கு நைரோபி நீதிமன்றத்துக்கு வந்தது. தொடுத்தவர் பெயர் ஈசாக்கா வைனைனா. விவிலியத்தின் ஈசாக்குதான் கிக்கூயு நாவில் ஈசாக்கா. தன் குல நிலத்துக்கு உரிமை கேட்டு வந்த அவருக்குத் தலைமை நீதிபதி பார்த் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: 1915ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 1920இல் நாடு குடியேற்ற நாடாக இணைக்கப்பட்டதாலும், பழங்குடிகளின் நில உரிமைகள் மறைந்துவிட்டன, அவர்கள் அரசரின் விருப்பம் உள்ளவரை இருக்கக்கூடிய குடிவாரதாரர்கள். ஒரே தீர்ப்பில் ஒரு மக்கள் கூட்டம் தன் சொந்த மண்ணில் ஒண்டுக்குடியாயிற்று.

மிஷன் பள்ளியின் இரு கைகள்

ஸ்காட்லாந்து மிஷனரிகள் நைரோபிக்கு அருகே தொகோடோவில் 1898இல் மிஷன் நிலையத்தை நிறுவினார்கள். மருத்துவமனை, பள்ளி, தச்சுப் பட்டறை எல்லாம் அங்கே வளர்ந்தன. அங்கு படித்த சிறுவன் ஒருவன் 1914இல் ஜான்ஸ்டன் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றான். பிற்காலத்தில் ஜோமோ கென்யாட்டா என்று உலகம் அறிந்தவர் அவர்தான்.

பாதிரிமார் எல்லாரும் ஆட்சியின் ஏவலாளர்கள் என்று சொல்வது நியாயமாகாது. 1919இல் ஆளுநர் நார்த்தி வெளியிட்ட சுற்றறிக்கை, பண்ணைகளுக்கு ஆள் அனுப்பும்படி அதிகாரிகளையும் ஊர்த்தலைவர்களையும் ஊக்குவித்தது. அப்பகுதியின் ஆயர்கள் அதன் குறைகளைச் சுட்டினார்களே ஒழிய, கட்டாய உழைப்பை அடியோடு மறுக்கவில்லை. ஸான்சிபார் ஆயர் ஃப்ராங்க் வெஸ்டனோ அதை அடிமைத்தனம் என்று கண்டித்து லண்டனில் குரல் எழுப்பினார். மேற்குக் கென்யாவில் ஆர்ச்டீக்கன் என்னும் திருச்சபைப் பொறுப்பில் இருந்த வால்டர் ஓவன் வரி செலுத்துவோருக்காக ஒரு சங்கமே அமைத்தார். மனச்சான்று சிலரிடம் விழித்திருந்தது. ஆனால் நிலத்தைத் திருப்பித் தரும் அளவுக்குத் திருச்சபை எழவில்லை. பல மிஷன்களே பெரிய நிலங்களை வைத்திருந்தன.

மிஷன் தந்த எழுத்தறிவு வேறொரு வேலையும் செய்தது. ஹாரி துக்கு மிஷனில் படித்தவர். அரசு அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநர். கிபாண்டேவையும் பெண்களைக் கட்டாய வேலைக்கு இழுப்பதையும் எதிர்த்து அவர் மக்களைத் திரட்டினார். 1922 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். 16ஆம் தேதி நைரோபி காவல் நிலையத்துக்கு முன் கூடிய கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசுக் கணக்குப்படியே 21 பேர் இறந்தார்கள். தயங்கி நின்ற ஆண்களைச் சாடி முன்னே போன மேரி முத்தோனி ஞாஞ்சிரு அவர்களில் ஒருவர். விடுதலைப் போராட்டத்தின் அந்தத் தொடக்கத் தியாகியும் மேரி என்னும் கிறித்தவப் பெயர் தாங்கியவரே.

தேவன் வேண்டும், மிஷன் வேண்டாம்

1929இல் பெரும் பிளவு வந்தது. சடங்கின் பெயரால் பெண்களின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கத்தை விட்டுவிடுவதாகக் கைரேகை வைத்தால்தான் திருச்சபையில் இடம், பள்ளியில் வேலை என்று சில மிஷன்கள் ஆணையிட்டன. அந்த வழக்கம் கொடியது. பெண்ணின் உடலுக்கும் உயிருக்கும் கேடு. இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் நிலத்தைப் பிடுங்கிய கூட்டத்தைச் சேர்ந்தவர்களே கைநாட்டுக் கேட்டபோது, அடுத்து என்ன பறிபோகும் என்றுதான் மக்கள் அஞ்சினார்கள். ஆயிரக்கணக்கானோர் மிஷன்களை விட்டு வெளியேறினார்கள். ஒரு நல்ல சீர்திருத்தம் தவறான கையிலிருந்து வந்ததால் பல்லாண்டு பின்தங்கியது. 2011இல் கென்யா அந்த வழக்கத்தை முழுமையாகத் தடை செய்தபோது, அதை வென்றெடுத்தவர்கள் கென்யப் பெண்களே.

வெளியேறியவர்கள் என்ன செய்தார்கள் என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. பழைய வழிபாட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலோர் வேதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர் ஊராகப் பணம் திரட்டித் தாங்களே பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். அவை கிக்கூயு சுதந்திரப் பள்ளிகள் சங்கமாகவும் கரிங்கா கல்விச் சங்கமாகவும் வளர்ந்தன. ஆசிரியர்களை உருவாக்க 1939இல் கிதுங்குரியில் ஒரு கல்லூரியே எழுந்தது. குருமார் வேண்டுமே? தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பேராயர் டேனியல் வில்லியம் அலெக்சாண்டரை 1935இல் வரவழைத்துத் தங்கள் ஆட்களைக் குருத்துவத்துக்குப் பயிற்றுவித்தார்கள். மலைமேல் உறையும் தங்கள் தெய்வத்துக்கு வழங்கிய ‘ங்காய்’ என்னும் பெயரிலேயே விவிலியத்தின் கடவுளையும் தொழுதார்கள்.

2019 கணக்கெடுப்பில் கென்ய மக்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். வெள்ளையர் போய் அறுபது ஆண்டு கடந்தும் நிலைத்திருக்கும் சமயத்தை இரவல் சமயம் என்று எப்படிச் சொல்வது?

பட்டா வந்த வழி

1952 அக்டோபர் 20ஆம் தேதி அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. கிக்கூயு மக்களிடையே பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்கவே அந்த அறிவிப்பு. கிளர்ச்சியின் கரு நிலமே. சுதந்திரப் பள்ளிகள் மூடப்பட்டன. 1,000க்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கிக்கூயுக்களை முள்வேலி சூழ்ந்த புதுக் கிராமங்களுக்குள் அடைத்தார்கள். லிமுருவின் காமிரித்து கிராமத்துப் பையன் ஒருவன் அலையன்ஸ் உயர்நிலைப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது தன் ஊர் இருந்த இடத்தில் இல்லை. அவன்தான் கூகி வா தியாங்கோ. அவருடைய ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ நாவலைத் தமிழில் படித்தவர்கள் இங்கு இருப்பீர்கள். சிறையில் கழிப்பறைத் தாளில் எழுதப்பட்ட அந்த நாவலின் கோபத்துக்கு வேர் இந்த மண்ணில் இருக்கிறது.

ஆண்கள் பலர் தடுப்பு முகாம்களில் அடைபட்டிருந்த அந்த நேரத்தில்தான், 1954இல் ஸ்வின்னர்ட்டன் திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த குல நிலங்களை ஒன்றுசேர்த்துத் தனியாள் பெயரில் பட்டா கொடுத்தார்கள். ஊரில் இருந்தவர்கள், அதாவது அரசுக்குத் துணைநின்றவர்கள், நல்ல நிலங்களைப் பதிந்துகொண்டார்கள். முகாமிலிருந்து திரும்பியவர் பலருக்கு ஒரு துண்டும் மிஞ்சவில்லை. 1963ஆம் ஆண்டின் பதிவு நிலச் சட்டம் இதற்குப் பூட்டும் போட்டது. மோசடியால் நடந்த பதிவைத் திருத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்த அதன் 143ஆம் பிரிவு, முதல் பதிவை மட்டும் அதிலிருந்து விலக்கியது. முதலில் பதிந்தவர் மோசடியாளரே ஆனாலும் பட்டா பட்டாதான் என்ற நிலை 2012இல் அச்சட்டம் நீக்கப்படும்வரை இருந்தது.

1963 டிசம்பர் 12ஆம் தேதி விடுதலை வந்தது. வெள்ளையர் பண்ணைகளை வாங்கிப் பகிர்ந்தளிக்கப் பத்து லட்சம் ஏக்கர் திட்டம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. பிரிட்டனும் உலக வங்கியும் கடன் கொடுத்தன. பறிகொடுத்தவர்களே பறிக்கப்பட்ட நிலத்தைக் கடன் வாங்கி விலைக்கு வாங்கினார்கள். எஞ்சிய பெரும் பண்ணைகள் பணமும் செல்வாக்கும் உள்ளவர்களிடம் போயின. ரிஃப்ட் பள்ளத்தாக்கில் கலென்ஜின், மாசாய் மக்களிடமிருந்து பறித்த நிலத்தில் கிக்கூயுக்கள் குடியேறினார்கள். ஒருவர் காயத்துக்கு இன்னொருவர் மண்ணை மருந்தாக வைத்தார்கள். 2007 இறுதியில் நடந்த தேர்தலுக்குப் பின், இந்த நிலப் பகையும் சேர்ந்து மூண்ட வன்முறையில் 1,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2008 புத்தாண்டு நாளில் எல்டொரெட் அருகே கியம்பா தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த பெண்களையும் குழந்தைகளையும் உயிரோடு எரித்தார்கள். கொளுத்தியவர்களும் உள்ளே இருந்தவர்களும் பெரும்பாலும் ஒரே வேதத்தைப் படித்தவர்கள். சமயத்தால் ஒன்றுபட்டவர்களை நிலப்பதிவு பிரித்திருந்தது.

அத்தி மரம்

நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய் நியேரி மாவட்டத்துக் கிக்கூயுப் பெண். கத்தோலிக்கக் கன்னியர் பள்ளியில் படித்தவர். அவர் வீட்டருகே பெரிய அத்தி மரம் ஒன்று நின்றது. அது கடவுளின் மரம், அதிலிருந்து சுள்ளி பொறுக்காதே என்று தாய் சொல்லியிருந்தார். வேர்ப்பக்கத்தில் ஊற்று சுரந்தது. மேல்படிப்பு முடித்துத் திரும்பியபோது மரம் வெட்டுண்டிருந்தது. நிலத்தை வாங்கியவர் தேயிலை போட்டிருந்தார். ஊற்றும் வற்றியிருந்தது. புனிதம் என்ற பாதுகாப்பைப் புதிய சமயம் எடுத்துவிட்டது. ஊருக்குப் பொது என்ற பாதுகாப்பைப் பட்டா எடுத்துவிட்டது. கத்தோலிக்கராகவே வாழ்ந்த மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமை வளைய இயக்கம் கோடிக்கணக்கான மரங்களை நட்டது. பழைய மதிப்பையும் புதிய நம்பிக்கையையும் ஒருவரே சுமக்கலாம் என்பதற்கு அவர் சான்று.

முடிவாக

2010ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் வெளிநாட்டவரின் 999 ஆண்டுக் குத்தகைகளை 99 ஆக்கியது. சமூக நிலம் என்ற உரிமையை ஏற்றது. 2013இல் பிரிட்டன் வருத்தம் தெரிவித்து, முகாம்களில் வதைபட்ட 5,228 பேருக்கு ஏறத்தாழ 2 கோடி பவுண்டு ஈட்டுத்தொகைக்கு ஒப்புக்கொண்டது. அடிபட்ட உடலுக்கு விலை சொன்னவர்கள், பறித்த நிலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. கெரிச்சோவின் தேயிலை மலைகளிலிருந்து குடியேற்ற ஆட்சியில் துரத்தப்பட்ட கிப்சிகிஸ், தலாய் மக்கள் இன்றும் நீதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மாணவர்களே, ஆப்பிரிக்கர்களின் உடையையும் பெயரையும் வழிபாட்டையும் காட்டி, ஐரோப்பா அவர்கள் மனத்தைப் பறித்துவிட்டது என்று பலர் எழுதுவார்கள். மனத்தைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் அம்மக்களுக்கு இருந்தது. அதை அவர்களே நிறுவிக்காட்டிவிட்டார்கள். அவர்கள் தனியாக நின்று மீட்க முடியாதது நிலம். ஏனெனில் அதைச் சட்டமும் பதிவேடும் நீதிமன்றமும் சேர்ந்து காவல் காக்கின்றன. குடியேற்ற ஆட்சி முடிந்துவிட்டதா என்று எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும், முதலில் அந்த நாட்டின் நிலப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பறித்தவரின் பதிவு செல்லும், பறிகொடுத்தவரின் நினைவு செல்லாது என்ற விதி அதில் நீடிக்கும்வரை அந்த ஆட்சி முடியவில்லை. அந்த விதியை மாற்றக் கேட்கும் கென்ய மக்களின் பக்கம் நிற்பது வரலாறு படிப்பவரின் கடமை.