ஆளறிந்து செய்தி சொல்வோம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளில் 72ஆவது அதிகாரம் ‘அவையறிதல்’. கேட்பவர் யாரென்று அறிந்து சொல்லை அளந்து பேசுங்கள் என்பதற்காகவே வள்ளுவர் பத்துக் குறள்களை ஒதுக்கினார். அந்த அவை இன்று நம் சட்டைப்பையில் கைப்பேசியாகக் குடியிருக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? முதலாம் ஆண்டுப் பதிவு நெருங்கியதும் ஓர் அழகான அறிவிப்பை முகநூலில் போடுகிறோம். அதையே எல்லாப் புலனக் குழுக்களுக்கும் தட்டிவிடுகிறோம். “நூறு பேரு லைக் போட்டுட்டாங்க!” என்று மகிழ்கிறோம். அந்த நூறு பேரில் பாலர் பள்ளிப் பிள்ளை உள்ளவர் எத்தனை பேர்? அதை யாரும் கேட்பதில்லை.

இது விளையாட்டுக் காரியமன்று. 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி, இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளாக வளர்ந்திருக்கிறது. ஆனால் மக்கள் தோட்டங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தபின், பல தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டனர். அங்கெல்லாம் ஒரு பிள்ளை கூடுவதும் குறைவதும் பள்ளியின் ஆயுட்கணக்கு.

வாசகரைப் பிரித்தறிவது நமக்குப் புதிதா? கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, 1950களில் மாணவர்களுக்கென்றே ‘மாணவர் மணிமன்றம்’ நடத்தியது. பெரியவர்களுக்குத் தலையங்கம், பிள்ளைகளுக்குத் தனிப்பகுதி. அதில் எழுதிப் பழகியவர்கள் பின்னாளில் எழுத்தாளர்களானார்கள்.

நம் ஜொகூரையே பாருங்கள். விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தகப்பனார் நீண்ட கட்டுரை படிக்கமாட்டார். “பள்ளி வேன் இருக்கா? சாயங்காலம் பிள்ளையை யாரு பார்த்துக்குவா?” என்பதே அவர் கவலை. அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லுங்கள். அவர் வீடு திரும்பும் இரவு நேரத்தில் அனுப்புங்கள்.

இளந்தாய்க்கு வேறு கவலை: “தமிழ்ப்பள்ளியில படிச்சா மலாய் வருமா?” நம் மாணவி ஒருத்தி மலாய்க் கதையைக் கணீரென்று வாசிக்கும் ஒரு நிமிடக் காணொளி, பெற்றோர் இசைவோடு, அவருக்குப் போகட்டும். தோட்டத்துப் பாட்டிக்கு எழுத்து வேண்டாம், குரல்பதிவு போதும். பேரப்பிள்ளை எங்கே படிப்பது என்பதில் பாட்டியின் சொல்லுக்கு இன்றும் மதிப்புண்டு! முன்னாள் மாணவருக்கோ பழைய வகுப்புப் படம் ஒன்றும், நூலகத்துக்குத் தேவையான நூல்களின் பட்டியலும் அனுப்பலாம்.

கட்டணம் செலுத்தி முகநூலில் விளம்பரம் செய்தால், பள்ளியைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர், இன்ன வயதினர் என்று தேர்ந்தெடுக்கலாம். சிறு தொகையானாலும் நம் வட்டாரத்திலேயே செலவாகும். அதன்பின் லைக்கை எண்ணாதீர்கள். எத்தனை பெற்றோர் அலுவலகத்துக்கு அழைத்து விசாரித்தனர் என்பதை எண்ணுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆளறிவது வேறு, ஆளை ஏய்ப்பது வேறு. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018இல் வெடித்தது. முகநூலில் இருந்த 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானோரின் விவரங்கள் அவர்கள் அறியாமலே அரசியல் பிரசாரத்துக்காகக் கைமாறியிருக்கக்கூடும் என்று தெரிந்து உலகமே திடுக்கிட்டது. இனம், மதம், அரசியல், உடல்நலம் சார்ந்த நுணுக்கமான தேர்வுகளை விளம்பரதாரர்களுக்குத் தருவதை மெட்டா நிறுவனம் 2022 ஜனவரியில் நிறுத்தத் தொடங்கியது. ஆகவே, பெற்றோர் பதிவுப் படிவத்தில் தந்த தொலைபேசி எண்ணை வேறு காரியத்துக்கு எடுக்காதீர்கள்.

ஆளுக்கு ஒரு வாக்குறுதியும் தராதீர்கள். மலாய்மொழித் தேர்ச்சி போதாத பிள்ளை இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க நேரலாம். அதை இளந்தாயிடம் மறைக்கலாமா? கூடாது. அதைச் சொல்லிவிட்டு, அந்நிலை வராதிருக்க நம் ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்பிக்கை அங்கேதான் பிறக்கும்.

வாசல் பலவாக இருக்கலாம். உள்ளே இருக்கும் வீடு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த அறிவிப்பைத் தட்டிவிடுமுன், “இதை யாரு படிக்கப்போறாங்க?” என்று ஒரு கணம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி நம் பள்ளிக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தாலும் பெரும்பேறே.