தெரிந்த நீரும் தெரியாத நீரும்

(வேப்பூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அணுமின் நிலையங்களில் நீரை எப்படிச் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனை சரிதானா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர், “வேப்பூர்ல ஆட்டுச்சந்தைதானே சார் இருக்கு, அணுமின் நிலையத்துக்கு எங்கே போறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனவே கல்பாக்கத்துக்குப் போவதற்கு முன், ஒரு பள்ளிக்கூடத்துக் குடிநீர்த் தொட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

ஏழு என்ற எண்

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியில் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் வாரம் ஒருமுறை குடிநீரைச் சோதிக்கத் தொடங்கினார்கள். பேனா வடிவத்தில் ஒரு பி.எச். மீட்டர் இருந்தது. கைபம்பு நீரில் வைத்தார்கள், 7.0 காட்டியது. தொட்டி நீரில் வைத்தார்கள், அதிலும் 7.0. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. பிள்ளைகள் அழகாக அட்டவணை போட்டு எழுதினார்கள். தொட்டிக்குப் பக்கத்திலிருந்த பலகையில் ‘நீர் நன்று’ என்று எழுதினோம். பதிவேட்டில் நான் கையொப்பமிட்டேன்.

நான்காவது வாரம், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி விளையாட்டாக அந்த மீட்டரை எலுமிச்சம்பழச் சாற்றில் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஓடி வந்து சொன்னாள்: “சார், எலுமிச்சம்பழத்துல வச்சாலும் ஏழுதான் சார் காட்டுது.”

கருவியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முனையிலிருந்த கண்ணாடிக் குமிழில் மயிரிழை போல ஒரு விரிசல். வேதியியல் ஆசிரியர்களுக்கு இது புரியும். கண்ணாடி மின்வாய், குமிழின் உள்ளே இருக்கும் கரைசலுக்கும் வெளியே இருக்கும் கரைசலுக்கும் இடையே உண்டாகும் மின்னழுத்த வேறுபாட்டை அளக்கிறது. குமிழ் விரிசல் விட்டால் அந்த வேறுபாடு ஏறக்குறைய சுழியம் ஆகிவிடும். சுழியம் மில்லிவோல்ட்டை மீட்டர் 7 என்று காட்டும். எந்த எண்ணைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்தோமோ, அது செத்துப்போன கருவி காட்டிய எண்.

பிறகு வேறு மீட்டர் வாங்கிச் சோதித்தோம். நீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரமும் அது எங்களுக்குத் தெரியாது. தெரியும் என்று நான் கையொப்பமிட்டிருந்தேன். அந்தக் கையொப்பம் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அதற்குப் பிறகுதான், அளவீட்டில் தவறினால் பெரும் விலை கொடுக்க வேண்டிய இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

கல்பாக்கத்தில் நீர் செய்யும் வேலை

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-இலும் இரண்டாம் அலகு 1986-இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. இவை கனநீர் உலைகள். அங்கே மூன்று வகை நீர் ஓடுகிறது. முதலாவது, உலைக்குள் வெப்பத்தை ஏந்தி வரும் கனநீர். இரண்டாவது, அந்த வெப்பத்தை வாங்கி நீராவியாகி டர்பைனைச் சுழற்றும் தூய நீர். மூன்றாவது, வேலை முடித்த நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கடல்நீர். இவை மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. நடுவில் இருப்பது குழாய்ச் சுவர் மட்டும்தான்.

வெப்பத்தை ஏந்தி வரும் கனநீரில் லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பி.எச். மதிப்பை 10-க்கு மேல் வைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. பி.எச். சரியாக இல்லையென்றால் குழாய்களின் உலோகம் கூடுதலாக அரிக்கும். அரித்த துகள்கள் நீரோடு உலையின் மையப்பகுதிக்குப் போகும். அங்கே நியூட்ரான் பட்டு, சாதாரண கோபால்ட் கதிரியக்கமுள்ள கோபால்ட்-60 ஆகும். அது திரும்பி வந்து வெளிக்குழாய்களின் உட்புறத்தில் படியும். அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். பராமரிப்புக்காக அந்தக் குழாய் அருகே நின்று வேலை செய்யும் தொழிலாளியின் உடம்பில் அந்தக் கதிர்வீச்சு படும். ஆய்வகத்தில் ஒருவர் எழுதும் எண்ணுக்கும், சில ஆண்டுகள் கழித்து ஒரு பிட்டரோ வெல்டரோ வாங்கும் கதிர்வீச்சுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஒரு லிட்டர் கடல்நீர்

இரண்டாவது நீரில் எதிரி குளோரைடு. கடல்நீர் ஓடும் குழாயில் ஊசித்துளை விழுந்தால் உப்பு உள்ளே வந்துவிடும். எவ்வளவு நுட்பமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். வகுப்பிலும் போட்டுக் காட்டலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அந்த ஒரு லிட்டர், 10 லட்சம் லிட்டர் தூய நீரில் கலந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 10 லட்சம் லிட்டர் என்பது 1,000 டன். 1,000 டன்னில் 1 கிராம் என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. அப்படியானால் நமக்குக் கிடைப்பது நூறு கோடியில் 19 பங்கு. அணுமின் நிலைய ஆய்வகம் அளப்பது இந்த அளவுகளைத்தான்.

இந்த அளவில் நம் விரல் வியர்வையே மாதிரியைக் கெடுத்துவிடும். சோடியத்தை அளப்பதற்கான மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்தால் கண்ணாடியிலிருந்தே சோடியம் கரைந்து வரும். அதனால் பிளாஸ்டிக் புட்டி. தூய நீரைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து அதன் பி.எச். 5.6 வரை இறங்கும். அதனால் குழாயிலேயே கருவியைப் பொருத்தி அளக்கிறார்கள்.

கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலைகளில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கே உலைக்குள் ஓடும் சாதாரண நீரில் போரிக் அமிலம் கரைந்திருக்கிறது. போரான் நியூட்ரானை விழுங்கும். ஆகவே போரான் எவ்வளவு என்று அளப்பது, உலை எந்த நிலையில் இருக்கிறது என்று அளப்பதைப் போன்றது. போரிக் அமிலம் வலிமை குறைந்தது. நேராகத் தரம்பார்த்தால் முடிவுநிலை தெளிவாக வராது. மானிட்டால் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்ப்பது நிலைபெற்ற முறை. நம் மேல்நிலை வகுப்பு மாணவன் பிடிக்கும் அதே பியூரெட் முறைதான்.

சோதனையைச் சோதிப்பது எப்படி?

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இவ்வளவு சிறிய அளவை அளந்து ஓர் எண் வருகிறது. அதை எப்படி நம்புவது? தர ஆய்வகங்கள் நான்கு காரியம் செய்கின்றன.

ஒன்று, வெற்று மாதிரி. அளக்க வேண்டிய பொருளே இல்லாத தூய நீரை, அதே வேதிப்பொருள்களுடன் அதே முறையில் சோதிப்பது. அதிலும் குளோரைடு வந்தால், அது நம் புட்டியிலிருந்தோ கையிலிருந்தோ வந்தது.

இரண்டு, தெரிந்த மாதிரி. மதிப்பு முன்பே தெரிந்த கரைசலைச் சோதிப்பது. பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதை எளிதாக விளக்கலாம். பீங்கான் சூளையில் வெப்பமானி இருந்தாலும், பாத்திரங்களோடு சிறிய கூம்புகளையும் வைக்கும் வழக்கம் உண்டு. குறிப்பிட்ட சூடு பட்டதும் கூம்பு உருகி வளையும். வெப்பமானி தான் இருக்கும் இடத்துச் சூட்டைச் சொல்லும். கூம்போ பாத்திரங்கள் பட்ட பாட்டையெல்லாம் தானும் படும். தெரிந்த மாதிரியும் அப்படியே: தெரியாத மாதிரி போகும் எல்லாப் படிகளிலும் கூடவே போக வேண்டும். அந்த மாணவியின் எலுமிச்சம்பழம் எங்கள் பள்ளியின் முதல் தெரிந்த மாதிரி.

மூன்று, கட்டுப்பாட்டு வரைபடம். 1924-இல் அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் உருவாக்கியது இது. அவர் 1947-48-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பில் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். தெரிந்த மாதிரியை நாள்தோறும் அளந்து புள்ளி வைக்க வேண்டும். சராசரி 50, திட்டவிலக்கம் 1 என்று வைத்துக்கொண்டால், 48-க்கும் 52-க்கும் வெளியே போனால் எச்சரிக்கை. 47-க்கும் 53-க்கும் வெளியே போனால் சோதனையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். இதில் இன்னொன்றும் உண்டு. 50.2, 50.5, 50.7, 51.0, 51.2, 51.4, 51.7 என்று ஏறிக்கொண்டே போனால், எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஆனாலும் ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் தெரியாதது வரைபடத்தில் தெரிகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் திட்டவிலக்கம் நடத்தும்போது “இது எதுக்கு சார்?” என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

நான்கு, ஆய்வகங்களுக்கு இடையிலான ஒப்பீடு. ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். உண்மை மதிப்பு யாருக்கும் தெரியாது. நம் சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்பவர்கள் உண்டு. ஐந்து பேரைத் தனித்தனியாகக் கேட்டுவிட்டுப் பிறகு தராசில் நிறுத்தால், யார் கை சரியான கை என்று தெரிந்துவிடும். முதலாமவர் சொன்னது மற்றவர் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஆய்வகத்தின் விடைக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் வகுத்து, 2-க்குள் இருந்தால் திருப்தி, 3-ஐத் தாண்டினால் திருப்தியில்லை என்று மதிப்பிடுகிறார்கள்.

துல்லியத்தன்மை வேறு, நுட்பம் வேறு என்று பாடநூலில் நடத்துகிறோம். எங்கள் மீட்டர் ஒவ்வொரு முறையும் 7.0 காட்டியது. நுட்பத்தில் நூற்றுக்கு நூறு. துல்லியத்தன்மை பூச்சியம்.

பார்த்தும் பார்க்காமல் விட்டது

இவ்வளவு ஏற்பாடு இருந்தாலும், மனிதன் பார்க்க விரும்பவில்லையென்றால் பயனில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸே என்ற அணுமின் நிலையம் இருக்கிறது. 2002-இல் அதன் உலைக்கலத்தின் மேல்மூடியில் ஒரு பெரும் பள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். நுண்ணிய விரிசல் வழியே கசிந்த போரிக் அமிலம், சுமார் 16 சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகை முழுக்க அரித்திருந்தது. உள்ளே பூசப்பட்டிருந்த ஒரு சென்டிமீட்டர் அளவான துருப்பிடிக்காத எஃகுப் படலம் மட்டும்தான் அத்தனை அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு நின்றது. அதற்கு முன்பே, கட்டடத்துக்குள் இருந்த காற்றுக் கண்காணிப்புக் கருவியின் வடிகட்டிகளில் துருவும் போரானும் படிந்து அடைத்துக்கொண்டிருந்தன. அடிக்கடி மாற்றினார்கள். ஆனால் இந்தத் துரு உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதை அப்போது கண்டுபிடிக்கவில்லை. யாருக்கும் பாதிப்பு ஏற்படவில்லை என்பது ஆறுதல்.

அந்த வடிகட்டிகளும் எங்கள் 7.0-வும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. வேலை தடையில்லாமல் நடக்க வேண்டும் என்ற அவசரத்தில், கேள்வி கேட்காமல் கையொப்பமிட்டுவிடுகிறோம்.

நம் ஆய்வகத்தில்

நண்பர்களே, மனம் திறந்து பேசுவோம். தரம்பார்த்தலில் எத்தனை மில்லி லிட்டர் வர வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வரவில்லையென்றால் வரும்படி எழுதுகிறார்கள். சில நேரம் நாமே, “அட, இருபதுன்னு போட்டுக்கப்பா” என்று சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் குறைந்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான். ஆனால் அன்று நாம் கற்றுக்கொடுத்தது தரம்பார்த்தலை அல்ல. அந்தப் பிள்ளை நாளை ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ, ரத்தப் பரிசோதனை நிலையத்திலோ, நெய்வேலியின் கொதிகலன் ஆய்வகத்திலோ வேலைக்குப் போகும். அங்கே விடை வரவில்லையென்றால் என்ன செய்யும்?

அதனால் சில சிறிய மாற்றங்களை நான் செய்து வருகிறேன். உங்களுக்கும் பயன்படலாம்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒரு வெற்று மாதிரி, ஒரு தெரிந்த மாதிரி. எலுமிச்சைச் சாறும் சோப்புக் கரைசலும் போதும். தொடக்கப் பள்ளியில் தராசு, அளவுகோல் வரும் பாடத்திலேயே இதைத் தொடங்கலாம்: தட்டுகளை மாற்றிப் போட்டு நிறுத்துப் பார், எடை மாறுகிறதா?

மாதம் ஒருமுறை, செறிவு எனக்கு மட்டும் தெரிந்த கரைசலை எண் ஒட்டிக் கொடுக்கிறேன். எண்ணுக்கு மதிப்பெண் இல்லை; படித்ததைப் படித்தபடி எழுதியதற்கு மதிப்பெண்.

பதிவேட்டில் அழிப்பான், வெள்ளை மை கூடாது. தவறினால் ஒரே கோடு. பக்கத்தில் சரியான எண், பெயர், தேதி. அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

சுவரில் ஒரு வரைபடத் தாள். பிள்ளைகள் முறைவைத்துப் புள்ளி வைக்கிறார்கள்.

அடுத்ததாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் குறுவள மையத்துப் பள்ளிகள் எல்லாம் ஒரே நீர் மாதிரியைப் பகிர்ந்து, தனித்தனியாகச் சோதித்து, அடுத்த கூட்டத்தில் விடைகளை ஒன்றாக வைத்துப் பார்ப்போம். வேறுபட்டால் யாரையும் குறை சொல்லப் போவதில்லை. காரணத்தை மட்டும் தேடுவோம்.

அந்த மாணவி அன்று விளையாட்டாகச் செய்ததற்கு நான் கோபப்பட்டிருக்கவும் கூடும். “கருவியை அதுல எல்லாம் வைக்கக் கூடாது” என்று சொல்ல வாயெடுத்தேன் என்பதே உண்மை. நல்லவேளை, அதற்குள் அவள் எண்ணைச் சொல்லிவிட்டாள். மறுநாள் ‘நீர் நன்று’ என்ற எழுத்தைத் துடைத்துவிட்டு, ‘சோதனை நடைபெறுகிறது’ என்று அவளையே எழுதச் சொன்னேன்.