தானே நிரம்பும் தண்ணீர்த் தொட்டி



1991-ஆம் ஆண்டை மலாக்கா மாநில மக்கள் எளிதில் மறந்துவிட முடியாது. மழை பொய்த்தது; டுரியான் துங்கல் அணை வற்றியது; வாளியும் குடமுமாக மக்கள் தண்ணீருக்குக் காத்து நின்றனர். பின்னர் ஜுஸ் அணையும் கட்டப்பட்டது. ஆயினும், 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் முறை வைத்தே தண்ணீர் விடவேண்டி வந்தது. வரும்போது பிடித்து வைத்தால்தான் வராதபோது குடிக்க முடியும் என்பதை இவை நமக்கு உணர்த்துகின்றன.

அந்நாளில் தோட்டங்களில் உயரத்துத் தொட்டிக்கு நீரேற்றும் பம்பைப் போடுவதும் நிறுத்துவதும் ஒருவருடைய பொறுப்பாக இருக்கும். அவர் நிறுத்த மறந்தால் தொட்டி வழியும். போட மறந்தாலோ, பால் வெட்டி முடித்து லயத்துக்குத் திரும்பியவர்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இராது. இந்தக் கவலையைத் தீர்ப்பதே தானியங்கிக் கட்டுப்பாடு.

முதலில் தொட்டியின் அளவைக் கணக்கிடுவோம். 60 வீடுகளில் 300 பேர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்றால், ஒரு நாள் தேவை 45,000 லிட்டர். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமுள்ள தொட்டியில் இந்தத் தண்ணீர் 2.25 மீட்டர் உயரம் நிற்கும். அதன் எடை 45 டன். தாங்கும் தூண்களும் அடித்தளமும் இந்த எடையோடு தொட்டியின் சொந்த எடையையும் சுமக்கவேண்டும். சுவருக்கும் சோதனை உண்டு. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடும். நம் தொட்டிச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய இரண்டரை டன் விசை வெளியே தள்ளும். எனவே, அனுபவமுள்ள பொறியாளரின் கணக்கு இல்லாமல் பெரிய தொட்டியைக் கட்டக்கூடாது.

இனி, கட்டுப்பாட்டுக்கு வருவோம். பொதுக் குழாயில் பம்பை நேராக மாட்டக்கூடாது. குழாய்த் தண்ணீர் முதலில் கீழ்த்தொட்டியில் விழவேண்டும். அங்கே ஒரு மிதவை வால்வு போதும். நீர் உயர மிதவையும் உயர்ந்து வால்வை மூடிவிடும்.

மேல்தொட்டியில் நீளம் வேறுபட்ட மூன்று உலோகக் கம்பிகளைத் தொங்கவிடலாம். மிக நீண்டது எப்போதும் நீரில் இருக்கும். நீர் நடுக் கம்பிக்குக் கீழே இறங்கினால் பம்பு ஓடத் தொடங்கும். குட்டைக் கம்பியைத் தொட்டதும் நின்றுவிடும். மீண்டும் நடுக் கம்பியை விட்டு நீர் இறங்கும்வரை அது ஓடாது. இக்கம்பிகளில் மிகக் குறைந்த அழுத்த மின்சாரமே செல்லவேண்டும்.

ஒரே கம்பியில் தொடங்கி அதிலேயே நிறுத்தினால் என்ன? நீர் சிறிது அசைந்தாலும் பம்பு ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மோட்டார் புறப்படும் வேளையில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுப்பதால், விரைவில் சூடேறிக் கருகிவிடும். நம் தொட்டியில் இரு கம்பிகளுக்கும் இடையே 45 சென்டிமீட்டர் விட்டால், அது 9,000 லிட்டர். மணிக்கு 9,000 லிட்டர் இறைக்கும் பம்பு, ஒரு முறை போட்டால் குறைந்தது ஒரு மணி நேரம் நிம்மதியாக ஓடும்.

கீழ்த்தொட்டியிலும் ஒரு மிதவை சுவிட்சு தேவை. அங்கே நீர் தீர்ந்தால் பம்பை நிறுத்துவது அதுதான். இல்லாவிட்டால் வறட்சிக் காலத்தில் பம்பு வெறுமையாக ஓடிப் பழுதாகும். தண்ணீர் வரும் நாளில் இறைக்கப் பம்பு இராது.

எந்தக் கருவியும் ஒரு நாள் பழுதாகலாம். ஆகவே, நீர் வரும் குழாயைவிடப் பெரிய வழிகுழாயை, எல்லார் கண்ணுக்கும் படும்படி வையுங்கள். அதில் நீர் கொட்டினால் கோளாறு என்று சிறுவரும் அறிவர். மூடியை இறுக மூடி, காற்றுக் குழாய்க்கும் வழிகுழாய்க்கும் கொசுவலை கட்டுங்கள். டெங்கிக் கொசுவுக்கு நம் தொட்டி வீடாகக் கூடாது. தொட்டியை நடுவே தடுத்து இரண்டாக்கினால், ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று உதவும்.

தானியங்கி என்பது நம் கைக்கு ஓய்வு தருமே தவிர, கண்ணுக்கு ஓய்வு தராது. மாதம் ஒருமுறை மிதவையைத் தூக்கிப் பார்ப்போம், கம்பிகளைத் துடைப்போம். அடுத்த வறட்சியில் நம் வீட்டுக் குடம் காலியாக இராது.