சோழர் காலத்து வெடிப்பு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதல்லவா? அது வெட்டப்பட்டு நூறாண்டுக்கு மேல் கழிந்து, 1054-ஆம் ஆண்டு ஜூலையில், ரிஷப ராசிப் பக்கம் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. பட்டப்பகலிலும் 23 நாள் தெரிந்ததாகச் சீனர்கள் எழுதி வைத்தார்கள். நம் கல்வெட்டுகளிலும் யாராவது ஒரு வரி வெட்டியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

அந்த வெடிப்பின் மிச்சம்தான் நண்டு நெபுலா. தூரம் சுமார் 6,500 ஒளியாண்டு. பக்கத்தில் போய்ச் சுற்றிப் பார்க்க வழியில்லை. ஆனாலும் அதன் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் எழுப்பிவிட்டார்கள். எப்படி? வந்தவாசி சாலையில் பேருந்து நெருங்கும்போது ஹாரன் சத்தம் கூர்மையாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கும். ஒளியும் அப்படித்தான். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும், விலகுவதன் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும். அதிலிருந்து வேகம் கிடைக்கிறது. வேகத்தைக் காலத்தால் பெருக்கினால் ஆழம் கிடைக்கிறது. 2021-இல் ஹவாய்த் தொலைநோக்கியை வைத்து இப்படி வரைந்தபோது, ஒழுங்கான உருண்டை வரவில்லை. தேனடை போன்ற அறைகளும் இதய வடிவில் ஒரு வெற்றிடமும் தெரிந்தன.

இன்னொரு வியப்பு. வாயு விரியும் வேகத்தை அப்படியே பின்னோக்கிக் கணக்கிட்டால் 1054 வருவதில்லை, சில பத்தாண்டு பிந்தியே வருகிறது. அதாவது வாயு வழியில் வேகம் கூடியிருக்கிறது. நடுவில் நொடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் நட்சத்திரம் தன் ஆற்றலால் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது.