துருவேறி இறுகிய எண்ணெய் யந்திரத்தை விடுவித்தல்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கிணற்று நீர் இறைப்பதற்கு எண்ணெய் யந்திரத்தைச் சென்னை மாகாணத்து விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த ஆல்பிரட் சாட்டர்டன் துரை பெரிதும் முயன்றது இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலாகும். பின்னர் இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் கம்பெனியார் செய்த ஒற்றை ஸிலிண்டர் டீஸல் யந்திரமும், அதே மாதிரியில் ராஜ்கோட்டில் வார்க்கப்பட்டவையும் கிராமாந்தரங்களில் பரவின. மின்சார மோட்டார் வந்ததும் இவை கொட்டகைகளில் ஒதுங்கின. 1990-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமான பின் இவற்றைத் திரும்பிப் பார்ப்பாரும் குறைந்தனர். அவ்வாறு கிடக்கும் யந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுமுன் அது உண்மையிலேயே கெட்டதா, இறுகியது மட்டுந்தானா என்று பார்ப்பது சங்கத்தின் கடமையாகும்.

யந்திரம் இறுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் மழைநீரே. வாய் திறந்து மேல்நோக்கி நிற்கும் புகைபோக்கி வழியே நீர் இறங்கி, திறந்திருக்கும் வால்வைக் கடந்து ஸிலிண்டருள் தங்குகிறது. துருவானது தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைக்கும் இயல்புடையது. ஆதலால் பிஸ்டன் வளையங்களுக்கும் ஸிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் அது ஆப்பு வைத்தாற்போல் நிற்கிறது.

இந்நிலையில் பலர் செய்யும் காரியம் பிளைவீலில் நீண்ட கடப்பாரையைக் கோத்து நாலு பேராக அழுத்துவது. அல்லது கயிறு கட்டி டிராக்டரால் இழுப்பது. இது மிகவும் தவறு. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடையும். ஆரம் விண்டுபோன பிளைவீல் பின்னர் நிமிஷத்துக்கு 600 சுற்றுச் சுற்றும்போது சிதறினால் உயிர்ச்சேதமே உண்டாகும். மேலும் வால்வு இறுகித் திறந்தபடி நிற்க, பிஸ்டன் மேலே வந்து அதை இடித்து வளைத்துவிடுதலும் உண்டு.

முதலில் இறுகியிருப்பது எது என்று நிச்சயிக்க வேண்டும். ஸிலிண்டர் மூடியைக் கழற்ற வேண்டும். அதன் நட்டுகள் அசையாவிடில், போல்ட்டைச் சுடாமல் நட்டை மாத்திரம் சூடாக்கி, முதலில் சிறிது இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். சூட்டோடு மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். மண்ணெண்ணெய் ஊற்றிய இடத்தின் அருகில் தீயைக் கொண்டுபோகவே கூடாது. மூடி வந்தபின் அடிப்பெட்டியின் கதவைத் திறந்து, கனெக்டிங் ராடைக் கிராங்கினின்றும் பிரிக்க வேண்டும். பிளைவீல் இப்போது சுற்றினால் குற்றம் பிஸ்டனிடமே என்பது தெளிவு.

பிஸ்டனுக்கு மேலே தெரியும் ஸிலிண்டர் சுவரிலுள்ள துருவையும் கரியையும் மெல்லிய எமரித் துணியால் துடைத்தெடுப்பது அவசியம். வழியைச் சுத்தம் செய்யாமல் பிஸ்டனை மேலே தள்ளினால் அது மறுபடி சிக்கிக்கொள்ளும். பிறகு டீஸலும் இஞ்சின் எண்ணெயும் கலந்து பிஸ்டன்மேல் தேங்க ஊற்றி வைக்க வேண்டும். எண்ணெய் மட்டம் இறங்க ஆரம்பித்தால் அது வளையங்களைக் கடக்கிறது என்று அறியலாம். இதற்குச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். வேலையில் கடினமான பகுதி இந்தக் காத்திருத்தலே. அவசரக்காரரிடம் கொட்டகைச் சாவியைக் கொடாதிருப்பது நலம்.

பின்னர் ஸிலிண்டர் வாய்க்குச் சற்றுக் குறைந்த அளவில் உருண்டையாகச் சீவிய மரக்கட்டையை வைத்து, சுத்தியால் மெதுவாகத் தட்ட வேண்டும். மயிரிழை கீழே நகர்ந்தால் போதும். உடனே எண்ணெய் விட்டு, அடியிலிருந்து மேலே தட்ட வேண்டும். இவ்வாறு மேலும் கீழுமாகச் சிறிது சிறிதாகவே விடுவிக்க வேண்டும். வளையங்கள் உடைந்தால் வருந்த வேண்டாம். அவை கிடைக்கும், விலையும் சொற்பம். ஸிலிண்டர் வெடித்தால் செலவு வேறு.

பிஸ்டன் விடுபட்டதும் மகிழ்ந்து உடனே ஓட்ட முயல்வதே பெரிய அபாயம். எரிபொருள் பம்பின் அளவுகோல் தண்டும், வேகத்தை அடக்கும் கவர்னர் கம்பிகளும் துருவால் இறுகியிருக்கும். தண்டு முழு அளவில் நின்றுவிட்டால் யந்திரம் அடக்கமின்றி வேகமெடுக்கும். அத்தண்டு விரலால் தள்ளத் தடையின்றி நகரும்வரை யந்திரத்தைத் தொடங்கலாகாது. முதல் முறை ஓட்டும்போது காற்றுப் புகும் வாயை அடைக்கத் தக்க பலகையொன்றுடன் ஓர் ஆள் அருகில் நிற்க வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்க முற்படலாகாது. இன்ஜெக்டரைச் சோதிக்கும்போது அதன் தாரைக்கு எதிரே விரலை நீட்டவும் கூடாது. அது தோலைத் துளைத்து உடலுக்குள் எண்ணெயைச் செலுத்திவிடும்.

முதல் நாள் பெல்ட்டை மாட்டாமல் சில நிமிஷமே ஓட்டி, எண்ணெய் சரியாகச் செல்கிறதா, குளிர்நீர் ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்த வேண்டும். ஆறியபின் மூடியின் நட்டுகளை மறுபடி முடுக்கி, புகைபோக்கியின் வாயில் ஒரு தகரக் குவளையைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.